லாரியைச் சுற்றிப் போட்ட வட்டம்

இது உண்மைக் கதை. பொய் ஒரு பொட்டு கிடையாது. மாரியம்மன் மேல் சத்தியம் என்றுகூடச் சொல்லிவிடுவேன். ஆனால் கோயில் இங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருக்கிறது, அம்மன் காதில் விழுந்தால் வம்பு. அதனால் முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: அங்கங்கே கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். பட்டாசுக்குத் திரி நீளமாக இருந்தால்தான் பற்றவைக்கிறவன் தள்ளி நிற்கலாம். கதையும் அப்படித்தான். நடந்ததை நடந்தபடி சொன்னால் சொல்கிறவன் மூஞ்சியிலேயே வெடித்துவிடும்.

நாடகக்காரர்களின் வேன் இன்னும் வந்து சேரவில்லை. வருகிறவரை கொட்டாவி விடுவதற்குப் பதிலாக, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கல்படி எப்படி வந்தது என்று கேளுங்கள். கதையில் வருகிற ஆட்கள் இரண்டு பேர் இதோ மூன்றாம் படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் லாரி ஆபீஸ் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. இன்னொருவர் கதாநாயகியின் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து. கதை முடிகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

கதாநாயகி வேல்விழி. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சின்னப் பிள்ளையில் மினி பஸ் நம் ஊருக்குள் நிற்காமல் போகிறது என்று நடு ரோட்டில் பள்ளிக்கூடப் பையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தவள். டிரைவர் ஹாரன் அடித்தார். அடித்து அடித்து ஹாரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் ஒரு மாதம் அந்த பஸ் பூனை மாதிரி மியாவ் என்றுதான் கத்தியது. அன்றைக்கு நின்ற பஸ் இன்றைக்கும் நிற்கிறது.

ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே அவள் படிப்பு நின்றது. எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டிலிருந்து பெட்டி ஒட்ட ஆள் வேண்டியிருந்தது. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோச்சு, காம்பஸ் மட்டும் அவள் கையை விடவில்லை. வாசலில் அவள் போடுகிற கோலத்தைப் பார்த்துச் சைக்கிள்காரர்கள் சக்கரத்தின் வளைவு சரியா என்று ஒத்துப் பார்ப்பார்கள். அவள் சுட்ட தோசையை நிலா என்று நினைத்து நாய் ஊளையிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. வேலைக்குச் சேர்கிற வயசு வந்ததும் ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தாள். சங்குசக்கரம் சுற்றுகிற வேலை. மற்றவர்கள் சுற்றிய சக்கரம் தரையில் சுற்றும். வேல்விழி சுற்றியது தெருவையே சுற்றி வந்து, வைத்த இடத்தில் நின்று கும்பிடும்.

அந்த வேலை எப்படி என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் உட்காரலாம். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தாலும் போர்மேன் கத்துவார். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் மாட்டை மேய்க்கலாம், அவ்வளவு இடைவெளி. நாலு பக்கமும் வாசல். கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி, உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கத் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். உட்காரும்போது கண் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும். ஒன்று பற்றினால் இன்னொன்று பற்றக்கூடாது, அதற்காக. நல்ல சட்டம்தான். உயிரைக் காப்பாற்றுகிற சட்டம். ஆனால் வருசக்கணக்கில் அப்படியே உட்கார்ந்தால் உடம்பு அதைக் கற்றுக்கொள்ளும்.

ஒருநாள் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் வெடித்துவிட்டது. நம் ஊர் ஆட்கள் அங்கே வேலை பார்த்தார்கள். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். இந்த இடத்தை மட்டும் நான் நீட்டவில்லை. கூட்டத்துக்குள் நின்ற வேல்விழி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவளோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிற சோலையம்மாளிடம் சொன்னாள்:

"மதினி, பாத்தீகளா? நம்ம ஊரு மொத்தமும் ஒட்டி ஒரசி நிக்கிறது இந்த வாசல்ல மட்டுந்தான். வேற எதுக்கும் நாம இப்பிடிக் கூடுறதே இல்ல."

"வேற எதுக்குக் கூடணுங்கிற?"

"எதுக்காச்சும். கும்மியடிக்க. கபடி பாக்க. சும்மா ஊர்க்கதை பேச. அதுக்கு ஒரு எடம் வேணும் மதினி. நான் பண்ணாம விடமாட்டேன்."

சோலையம்மாள் வாய் சிவகாசிச் சரவெடி. அன்றைக்கு அவள் வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேல்விழி கண் வைத்தது இந்தக் கண்மாய்க் கரையை. மழை பெய்த வருசம் இது நீர்க்கரை, பெய்யாத வருசம் வெறும் கரை. நம் மாவட்டத்தில் தண்ணீர் விருந்தாளி மாதிரி: வந்தால் சந்தோசம், எப்போது கிளம்பும் என்று கேட்கக்கூடாது. அப்போது இங்கே கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும்தான் குடியிருந்தன. மேட்டு நிலம் பஞ்சாயத்துக்குச் சொந்தம்.

ஆனால் அண்ணாச்சியும் இதே கரையில்தான் கண் வைத்திருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"சீசன் வந்தா லோடு ஏத்த வர்ற வண்டியெல்லாம் ரோட்டுலதான் நிக்குது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ரெண்டு லாரிக்கு நடுவுல நுழைஞ்சு போகுதுக. கரையத் தந்தீகன்னா வண்டியெல்லாம் ஒதுங்கி நிக்கும். ஊருக்குத்தானே நல்லது?" என்றார்.

பஞ்சாயத்துத் தலைவர் அருள்பாண்டி யார் பேசினாலும் தலையாட்டுவார். இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் அவருக்குத் தலை சுற்றும். வேல்விழி அவரிடம், எடைமேடைக்குப் பக்கத்துப் பொட்டலை லாரிக்குக் கொடுக்கலாம், கரையை ஊர் கூடுவதற்கு விடுங்கள் என்றாள்.

"ஆடுறதுக்கும் பாடுறதுக்கும் எடம் கேக்கியே தாயி, நம்ம சனம் வந்து உக்காருமா? செல்போனத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள கெடக்குது. நீ எடத்தக் கோடு போட்டுக் காட்டு. சனத்த உக்காரவெச்சுக் காட்டு. அப்பறம் கொடியேத்துற அன்னைக்குக் கிராம சபையில வெப்போம். சனம் உக்காரலேன்னா கரை அண்ணாச்சிக்குத்தான்."

அவ்வளவுதான் பேச்சு. குடியரசு தினத்துக்குள் இந்தக் கரையில் ஊரை உட்கார வைக்கவேண்டும். இல்லையென்றால் லாரி.

வேல்விழிக்குத் துணை வந்தது கீர்த்திகா. லேபிள் அச்சடிக்கிற லட்சுமிகாந்தம் முதலாளியின் மகள். மதுரையில் கட்டட வடிவமைப்பு படித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தது. வேலை நேரம் போக வீட்டில் ஒட்டிய பெட்டிகளைக் கொடுக்கப் போன இடத்தில் வேல்விழி விசயத்தைச் சொல்ல, பிள்ளைக்குக் கண் விரிந்துவிட்டது. எவ்வளவு விரிந்தது என்றால் மூக்குக் கண்ணாடியை மாற்றவேண்டியதாகிவிட்டது.

"பெரிய வேலைப்பாடெல்லாம் வேண்டாங்கக்கா. வட்டம், முக்கோணம், சதுரம். மூணே உருவத்துல முடிச்சிருவோம். கொத்தனார் கயிறு பிடிச்சுப் போடுற கோடா இருக்கணும்" என்றது.

"அம்புட்டுத்தானே? நம்ம சரக்கெல்லாம் அதுதானே பாப்பா. சக்கரம் வட்டம், புஸ்வாணம் முக்கோணம், அணுகுண்டு சதுரம்."

வீட்டுத் தரையில் காலிப் பெட்டிகளைப் பரப்பினார்கள். தட்டையான டப்பா மூடி மேடை ஆனது. மடித்த லேபிள் அட்டை அதற்குக் கூரை ஆனது. மடையில் படிந்திருக்கிற தண்ணீர்த் தடத்தைப் பார்த்து, அதற்கு மேலேதான் கட்டவேண்டும் என்று கீர்த்திகா சொன்னது. கோடையில் தண்ணீர் வற்றினால் கண்மாய்க்குள்ளேயே சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி ஆடலாம், கரையிலிருந்தே பார்க்கலாம் என்றும் சொன்னது. இப்போது உங்கள் எதிரே இருக்கிற வட்ட மேடை, அதன் மேல் மூன்று தூண் நிறுத்திய முக்கோணக் கூரை, பிள்ளைகள் சறுக்குகிற முக்கோணம், எல்லாம் அந்தத் தரையில் பிறந்தவைதான். உட்காருகிற இடத்தை மட்டும் வேல்விழி தானே யோசித்துப் போட்டாள். சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி. நாலு பக்கமும் வழி.

"ஐயோ, எம்புட்டு அழகா இருக்கு!" என்றது கீர்த்திகா. "எல்லாம் ஒரே அளவு, ஒரே தூரம். எப்பிடிக்கா தோணுச்சு?"

"தெரியல பாப்பா. கை தானா போட்டுருச்சு."

பொங்கல் லீவில் கோடு போடும் வேலை. முள்ளை வெட்டி, பாட்டில் பொறுக்கி, கரை சுத்தமானது. பெரிய வட்டம் போட நடுவில் முளை அடித்துக் கயிறு கட்டவேண்டும். கல்லாய் இறுகிய அந்தச் சுக்கான் தரையில் முளை இறங்கவில்லை. அடித்த கம்பி வளைந்து, கொக்கி ஆகிவிட்டது. வேல்விழி சுற்றுமுற்றும் பார்த்தாள். முளைக்கு ஏற்ற உருப்படி வீட்டிலேயே இருந்தது.

"இந்தாங்க, கயித்தப் பிடிச்சுக்கிட்டு நடுவுல நில்லுங்க. அசையக்கூடாது."

சங்கிலிமுத்து நின்றார். வேல்விழி கயிற்றின் மறு முனையில் சுண்ணாம்புச் சட்டியோடு சுற்றி வந்தாள். வெயில் ஏறியது. பக்கத்து வேப்பமரத்தின் நிழல் மெதுவாக நகர்ந்தது. நிழல் நகர, முளையும் நகர்ந்தது. வேலை முடிந்து பார்த்தால் தரையில் இருந்தது வட்டம் இல்லை, சேனைக்கிழங்கு.

"எங்கன நின்னீக நீங்க?"

"நீ நிறுத்தின எடத்துலதான்."

"நான் வெயில்ல நிறுத்தினேன், நீங்க நிழல்ல நிக்கிறீகளே!"

"எம் மேல உனக்கு இரக்கமே இல்லட்டி" என்றார் முளை. வேல்விழி அழித்துவிட்டு மறுபடி போட்டாள். முளை மறுபடி நகர்ந்தது. இந்த முறை கத்தரிக்காய். நேரம் இல்லாததால் கத்தரிக்காயே மேடை என்று முடிவானது. சதுரங்களை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி போட்டு முடித்தாள்.

பொங்கல் முடிந்த கரிநாள் அன்று சாயங்காலம் ஊரைக் கூப்பிட்டார்கள். சனம் வரத்தான் செய்தது. சும்மாச் சொல்லக்கூடாது, கூட்டத்தைப் பார்த்துக் கண்மாய்த் தண்ணீரே இரண்டடி பின்வாங்கியது. ஆனால் வந்தவர்கள் செய்ததைக் கேளுங்கள். கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி கையை நீட்டிக் காற்றில் தடவினாள். தாமிரத் தகட்டைத் தேடியிருக்கிறாள்! ஒரு சதுரத்தில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக வந்தவரைக் கூப்பிட்டால், "நாலு ஆயிட்டுல்ல" என்று அடுத்த சதுரத்துக்கு நடந்தார். தாயும் மகளும் வேறு வேறு சதுரம். எல்லார் கண்ணும் மேடையில் இல்லை, வெளியே போகிற வழியில் இருந்தது. போர்மேன் ஒருவர் பொழுதுபோகாமல் வந்தவர், தன்னையறியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இடைவெளிகளில் ரவுண்டு வர ஆரம்பித்துவிட்டார்.

கும்மி தொடங்கியது. பெண்கள் தட்டினார்கள். சதுரங்களிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. அங்கொன்று இங்கொன்றாக யாரோ தட்ட நினைத்து, பக்கத்துச் சதுரம் தட்டாததைப் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். சோலையம்மாள்தான் ஆட்டத்தை நிறுத்தி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏட்டி வேலு! எங்கள இங்கன கும்மியடிக்கக் கூப்பிட்டயா, மருந்து அடைக்கக் கூப்பிட்டயா?"

சனம் தன்னைத்தானே பார்த்தது. நாலு நாலாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தது. ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அதில் வெட்கம் பாதி. செந்தூர்பாண்டி அண்ணாச்சி கரை மேலிருந்து குரல் கொடுத்தார்:

"கம்பெனிக்கு லைசென்சு வாங்கிட்டியா தாயி? லோடு இருந்தாச் சொல்லு, வண்டி நம்மகிட்ட இருக்கு!"

இருட்டும் முன்பே சனம் கலைந்தது. தலைவர் போகும்போது தலையை ஆட்டவே இல்லை. அது அவருக்கு முதல் தடவை.

சதுரங்களுக்கு நடுவில் வேல்விழியும் கீர்த்திகாவும்தான் நின்றார்கள். பிள்ளைக்கு அழுகை முட்டியது.

"படிச்சவ நான்தானே யக்கா பாத்திருக்கணும்? கோட்டுல அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் அழகாத்தான் இருந்துச்சு. இத்தன வருசமா இதத்தானே பாக்கேன்? கம்பெனியக் கொண்டாந்து கரையில போட்டுட்டேன்." வேல்விழி வேப்பமரத்தடிக்கு நடந்தாள். அப்புறம் வேப்பங்குழையை ஒடித்துச் சதுரங்களைக் கூட்ட ஆரம்பித்தாள். "அழுகுறதுன்னா அழுதுக்கிட்டே கூட்டு பாப்பா. எடவெளியே இல்லாத கோடு எது? அதச் சொல்லு எனக்கு."

"வளைவு" என்றது கீர்த்திகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நேர் வரிசையில உக்காந்தா முன்னால இருக்கவுக முதுகுதான் தெரியும். வளைச்சு உக்காந்தா எதுத்தாப்புல மூஞ்சி தெரியும். நீளமா, துண்டு போடாம, ஒரே வளைவு. ஆனா வெளிய போக ரெண்டு பக்கமும் அகலமா வழி விட்டாகணும்."

"வழி இல்லாத எடத்துல நான் சாமிகூடக் கும்பிடமாட்டேன். அது கெடக்கட்டும். நீ வளைவப் போடு."

வேல்விழி மறுநாளே தலைவர் வீட்டில் போய் நின்றாள். அவள் கேட்டது ஒன்றுதான்: கிராம சபையையே கரையில் நடத்துங்கள். வழக்கமாகச் சபை கூடுகிற நூலகக் கட்டடத்தில் மழைக்குப் பிறகு கூரை ஒழுகுகிறது, அங்கே போன கூட்டத்தில் ஒரு மெம்பர் குடை பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தலைவர் தலையைச் சொறிந்தார்.

"லாரிக்கா ஒனக்கான்னு முடிவு பண்ற கூட்டத்த ஒன் எடத்துலயே வெக்கச் சொல்றியே?"

"எடம் என்னுது இல்லையே. அதத்தானே முடிவு பண்ணப் போறீக?"

தலைவருக்குத் தலை தானாக ஆடிவிட்டது.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? குடியரசு தினத்தன்று விடிந்ததும் வேல்விழி கரைக்கு வந்தால், மேடைக்கென்று வைத்திருந்த இடத்தின் நட்டநடுவில் ஒரு லாரி நிற்கிறது. வெறும் லாரி இல்லை. மேலே தார்ப்பாய், முன்னால் எலுமிச்சம்பழம், உள்ளே டிரைவர் பாண்டிச்செல்வம் குறட்டை. அந்தக் குறட்டையில் வண்டி நியூட்ரலிலேயே முன்னும் பின்னும் ஆடியது. அண்ணாச்சி பக்கத்தில் நின்று பல் குச்சியை மென்றார்.

"வண்டி நிக்கிற எடந்தான் தாயி வண்டி ஸ்டாண்டு."

கும்மி செட்டுப் பெண்கள் கையைப் பிசைந்தார்கள். ஒருத்தி டிரைவரை எழுப்பலாம் என்றாள். சோலையம்மாள் டயரில் காற்றைப் பிடுங்கலாம் என்றாள். வேல்விழி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வட்டத்துக்கு நடு எது என்று தேடுகிறவள் பார்வை அது. அப்புறம் சொன்னாள்:

"நிக்கட்டும் மதினி. வண்டியச் சுத்தியே அடுக்குவோம்."

சங்கிலிமுத்துவை லாரி மேல் ஏற்றித் தார்ப்பாயின் நடுவில் நிறுத்திக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். அங்கே நிழலும் கிடையாது, நகர வழியும் கிடையாது. நகர்ந்தால் கீழே விழவேண்டும். மனிதர் கோயில் கலசம் மாதிரி நின்றார். அன்றைக்கு விழுந்த வளைவு இருக்கிறதே, காம்பஸுக்கே பொறாமை வரும். அந்தக் கோட்டின் மேல், காலி சிமெண்டுச் சாக்குகளில் கண்மாய் வண்டலை நிரப்பி, வரிசை வரிசையாக அடுக்கினார்கள். அந்த மூட்டை வரிசைதான் பிற்பாடு நீங்கள் உட்கார்ந்திருக்கிற கல்படி ஆனது. இரண்டு ஓரத்திலும் ஆள் போக வழி. லாரிக்கு முன்னால் சாக்கு மூட்டைகள், பின்னால் கண்மாய். பாண்டிச்செல்வம் முழித்துப் பார்த்தபோது பிள்ளையார் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தான்.

கொடியேற்றி முடிந்து சனம் வந்தது. மூட்டைகளில் உட்கார்ந்தது. வேல்விழி வரிசையை எண்ணிப் பார்த்தாள். சதுரம் இல்லை, கோடு இல்லை, ஒரே வளைவு. அப்படியும் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு ஆள் இடம் விட்டு, மறுபடி நாலு பேர்! பழக்கம் சுண்ணாம்பில் இல்லை, இடுப்பெலும்பில் இருக்கிறது. அண்ணாச்சி கரை மேலிருந்து பார்த்துச் சிரித்தார்.

வேல்விழி நேராகப் போய் முதல் இடைவெளியில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளு சின்னம்மா."

அந்தம்மாள் தள்ளினாள். அடுத்த நாலு பேரும் தள்ளினார்கள். அந்தப் பக்கம் ஒரு புது இடைவெளி. வேல்விழி எழுந்து அதிலும் போய் உட்கார்ந்தாள். பிறகு கையைத் தூக்கிக் கூப்பிட்டாள்:

"ஏளா, சந்து தெரியிற எடத்துலயெல்லாம் போய் உக்காருங்க! மதினி, நீங்க ரெண்டு சந்தச் சேத்து அடைங்க!"

"என்னய குண்டுங்கிறியா?"

"நீங்க எங்க அஸ்திவாரம் மதினி!"

பெண்கள் பக்கம் கும்மி செட்டு புகுந்தது. ஆண்கள் பக்கம் லாரியிலிருந்து இறக்கிவிட்ட சங்கிலிமுத்துவை ஒரு சந்தில் செருகினாள். அவர் உட்கார்ந்ததும் அந்த வரிசையே மூச்சை இழுத்துப் பிடித்தது. பின்னால் வந்தவர்கள் இருக்கிற இடத்தில் நெருக்கினார்கள். தொடை தொடையைத் தொட்டது. முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். அப்புறம் ஒருவர் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குக் காதுல மச்சம் இருக்கா? எனக்குத் தெரியாதே" என்றார். இருவரும் ஒரே கம்பெனியில் வருசக்கணக்காக வேலை பார்க்கிறவர்கள்!

நின்று நின்று கால் வலித்த அண்ணாச்சியும் இறங்கி வந்தார். இருந்தது ஒரே சந்து, சங்கிலிமுத்துவுக்குப் பக்கத்தில். வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். பாட்டில் வாய்க்குள் கார்க் இறங்கின மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

தலைவர் மைக்கைத் தட்டுவதற்கு முன்னால் சோலையம்மாள் எழுந்தாள். கும்மி என்றால் நடுவில் முளைப்பாரி வைத்துச் சுற்றவேண்டும். நடுவில் லாரி இருந்தது. அவளுக்கென்ன?

"ஆத்தா மொளைப்பாரி ஆடி மாசம் தானடி
அண்ணாச்சி லாரிக்கு இன்னைக்குக் கும்மியடி!
சக்கரம் சுத்துன கைகளெல்லாம் ஒண்ணாத் தட்டி
சந்து விடாமச் சேந்து நின்னு கும்மியடி!"

செட்டு லாரியைச் சுற்றியது. முதல் தட்டு விழுந்தது. இங்கேதான் நெருக்கத்தின் வேலை. ஒருத்தி தட்டினால் பக்கத்தில் இருப்பவளுக்கு முழங்கை இடிக்கும். இடி வாங்கியவள் சும்மா இருக்க முடியுமா? அவளும் தட்டினாள், அடுத்தவளை இடித்தாள். திரியில் நெருப்பு ஓடுகிற மாதிரி வளைவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கைதட்டு ஓடியது. ஒன்றிலிருந்து ஒன்று பற்றியது. அன்றைக்கு அதற்கு யாரும் பயப்படவில்லை. பாண்டிச்செல்வம் வெளியே வர வழி தெரியாமல், தாளத்துக்கு ஹாரன் அடித்தான். ஆனைக்குட்டம் அணையில் மீன்கள் கரையேறிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வேல்விழி மட்டும் ஆடவில்லை. வளைவின் ஓரத்தில் நின்று, எங்கேயாவது சந்து விழுகிறதா என்று ஆள் ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"லாரிக்கு எடைமேடைப் பொட்டல், ஊர் கூடுறதுக்குக் கரை. சரிங்கிறவுக கையத் தூக்குங்க."

கை எழுந்தது. வளைவு முழுக்க, ஓரம் முதல் ஓரம்வரை, நாற்று முளைத்த வயல் மாதிரி. அந்தக் கைகளுக்கு நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே, தங்க மோதிரம் மின்ன ஒரு கை. அது செந்தூர்பாண்டி அண்ணாச்சியின்...

"நிறுத்துலே! நான் எப்ப கையத் தூக்குனேன்?" என்று மூன்றாம் படியிலிருந்து அண்ணாச்சி எகிறினார்.

"அண்ணாச்சி, வாக்குக் குடுத்திருக்கீக."

"வாக்காவது போக்காவது! டிரைவரக் கூப்பிடக் கையத் தூக்குனேன். அத ஓட்டுல சேத்துட்டாரு அருள்பாண்டி!"

"பொய் சொல்லாதீக அண்ணாச்சி," என்றார் சங்கிலிமுத்து. "பக்கத்துல இருந்தவன் நானு. நல்லாத் தட்டுனீக, நல்லாத் தூக்குனீக. கண்ணுகூடக் கலங்கியிருந்துச்சு."

"நீ பேசாதலே! எம் முழங்கைக்கு அடியில தோளக் குடுத்து நெம்புனதே நீதானே? நிழலுக்கு நகர்ந்த முளை, நீ சாட்சி சொல்ல வந்துட்டியா?"

"யாரு நகர்ந்தா? நான் நின்ன எடத்துலதான் நின்னேன். மரந்தான் நகர்ந்துச்சு!"

"மரம் நகருமாலே?" என்றது இரண்டாம் படி.

"கதையில மீனு கரையேறலாம், மரம் நகரக்கூடாதா?" என்றது நான்காம் படி.

"அது கத்தரிக்காயே இல்ல, சுரைக்காய். நான் பாத்தேன்!"

"அவரு ரெண்டு கையையும் தூக்குனாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

"எவன்லே அது ரெண்டு கைன்னது? எந்திரிச்சு நில்லு!"

"எந்திரிச்சா எடம் போயிரும் அண்ணாச்சி!"

"ஏ, முதுகுல இடிக்காதீகய்யா! சண்டைன்னா தள்ளி உக்காந்து போடுங்க!"

"எங்கன தள்ள? எடமிருந்தாத்தானே!"